கை வைத்தார், பாதம் பதித்தார்

பினாங்கில் கூலிகளின் குறை கேட்கும் கச்சேரி ஒன்றில் துரை இங்கிலீஷ் பேசுவார். குறை தமிழ் பேசும். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீமான் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். கொச்சையான சொல் எதுவும் சர்க்கார் காகிதத்தில் ஏறக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

பட்டர்வொர்த் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ருக்குமணி படகேறி வந்திருந்தாள். கங்காணி அவளை அடித்து உதைத்திருந்தான். வேறு தோட்டத்துக்குப் போக துரையின் சீட்டு வேண்டும். கிடைக்காவிட்டால் சாயங்காலம் மறுபடி அவன் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். நடந்ததை அரைமணி நேரம் ஒன்று விடாமல் சொன்னாள்.

கார்த்திகேசு ஒரே வரி எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினார்: "கங்காணியார் கை வைத்தார், பாதமும் பதித்தார்."

"அடிச்சான், உதைச்சான்னு எழுதுங்கய்யா!"

"அதெல்லாம் பாசார் பேச்சு, சந்தையில பேசுறது, பிள்ளை. இது ஆபீஸ்."

அந்த வரி இங்கிலீஷாகித் துரையிடம் போயிற்று. துரை ஆழ்ந்து யோசித்தார். பெரியவர் கை வைப்பதும் பாதம் பதிப்பதும் இவர்களுடைய ஆசீர்வாதமாகத்தான் இருக்க வேண்டும். "மதச் சடங்குகளில் சர்க்கார் தலையிடாது" என்று தீர்ப்பளித்து, மனுவைச் சடங்குக் கோப்பில் சேர்த்தார்.

கார்த்திகேசு அதைத் தமிழில் சொன்னதும் ருக்குமணி அவர் நாற்காலிக்கு அருகே போனாள். "சடங்கா? அப்ப ஐயாவுக்கும் செஞ்சு வைக்கிறேன்லா!"

கன்னத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று.

"ஐயோ, அடிச்சுப்போட்டாள்! உதைச்சுப்போட்டாள்!" ஸ்ரீமான் வாயிலிருந்து அச்சு அசல் பாசார் பேச்சு வந்தது. அந்தச் சூட்டிலேயே மூன்று பக்கம் எழுதிக் கண்ணீரோடு துரைக்கு வாசித்தார். வீக்கத்தின் அளவு முதல் மனசு பட்ட பாடு வரை எதுவும் விடுபடவில்லை.

துரை மறுபடி சடங்குக் கோப்பை எடுத்தார்.

"அதில் வேண்டாம், துரை! இது அடி!"

"அப்படியானால் அவளுக்கு விழுந்தது?"

கார்த்திகேசு கன்னத்தைத் தடவினார். "அதுவும் அடிதான், துரை."

"என்னய்யா எழுதினீங்க, எனக்கும் சொல்லுங்க" என்றாள் ருக்குமணி. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் கலங்கியது. தான் பட்டதை ஒருவர் ஒழுங்காக எழுதி அன்றுதான் கேட்கிறாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆள் பேரை மட்டும் மாத்துங்க, கைநாட்டு வச்சிடுறேன்."

பேர் மாறியது. கங்காணிக்குச் சம்மன் போயிற்று, அவளுக்குச் சீட்டு கிடைத்தது. கார்த்திகேசுவின் புகாருக்குத்தான் காகிதம் மிஞ்சவில்லை.

மறுவாரம் கச்சேரி வாசலில் பதினேழு பெண்கள் நின்றார்கள். கார்த்திகேசு நாற்காலியை இரண்டு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அங்கேயே நிண்டு சொல்லுங்கோ, அக்கா. சொன்னபடியே எழுதுறன்."