ரிட்டன்லோடு அண்ணன் உலகம் சுற்றப் புறப்பட்டது

பூமி உருண்டையாக இருப்பதில் லாபம் பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தவர், உலகத்திலேயே எங்கள் தெரு ரிட்டன்லோடு அண்ணன் ஒருவர்தான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி புக்கிங் பார்த்தவர். கேரளாவுக்குத் தக்காளி கொண்டுபோன வண்டி ரிட்டன்லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். துக்க வீட்டுக்குத் தனியாகப் போனாலும், வரும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

சென்ற சித்திரை வெயிலில், நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அவர் எங்கள் ஊர் மலைக்கோட்டையைச் சுற்றி நடப்பதைப் பார்த்துப் பதறிப்போனேன்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலியா?"

"ஒத்திகை தம்பி. நானும் ஒங்கக்காவும் உலகம் சுத்தப் போறோம். பெட்டியத்தான எடை போட்டுக் காசு கேப்பான்? ஆளை எடை போடமாட்டான்ல!"

நான் கொடைரோட்டைத் தாண்டினாலே வீட்டுக்குப் போன் போடுகிற ஜாதி.

"கெழக்காம போய்க்கிட்டே இருந்தா வீடு வந்துரும். ரிட்டன்ங்கிற பேச்சே இல்ல. ஏழு ஊரு, அம்புட்டும் மலிவு டிக்கெட்டு."

"தங்குறதுக்கு?"

"ஏர்போர்ட்டுல நாக்காலி எதுக்குக் கெடக்கு?"

அதற்கும் ஒத்திகை நடந்தது. ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துத் தூங்கினார். கண் விழித்தபோது, யாரோ புண்ணியவான் தலைமாட்டில் தயிர்சாதப் பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தார். "பாத்தீங்களா, சாப்பாட்டுச் செலவும் மிச்சம்!" என்று என்னிடமே வந்து காட்டினார்.

கிளம்புகிற நாள் காலையில் வழியனுப்பப் போனேன். அண்ணன் நாலு சட்டையோடு தயார். அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல தம்பி. கட்டிக்கிட்டு வந்ததுலருந்து பழனியத் தாண்டுனதில்ல. மொதமொதல்ல வெளிய கூட்டிட்டுப் போறாரு, நாக்காலியில குத்தவச்சுத் தூங்கவா? அவரே போயிட்டு வரட்டும்."

டிக்கெட் பணம் திரும்பி வராது. இவராவது விடுவதாவது, போயே தீருவார் என்று நினைத்தேன். அண்ணன் மேல்சட்டையைக் கழற்றினார். பிறகு அடுத்ததை.

"என்னண்ணே, போகலியா?"

"பக்கத்து சீட்டுல இவ இல்லாமப் போனா அது காலி வண்டிதான தம்பி."

அக்கா எழுந்து நொண்டி நொண்டி உள்ளே போனார். திரும்பி வந்தபோது உடம்பில் மூன்று சேலை இருந்தது.

"சட்டைய மாட்டுங்க, வெரசா. எனக்கு வேர்க்குது."

இப்போது எந்த தேசத்தில் இருக்கிறார்களோ. அங்கே ஏர்போர்ட் நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி இல்லாமல் இருக்கவேண்டும். அக்கா காலை நீட்டிப் படுக்கட்டும்.