கதவு வைத்த கம்பெனி

கொடிப்பாறை எஸ்டேட், கீழ் டிவிஷன்,
தேவிகுளம் தாலுக்கா.
12-8-1974

இலங்கை பதுளையில் இருக்கும் தாய்மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் மொக்கையன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் அட்டைக்கடி நீங்கலாகச் சுகம். அங்கு தாங்களும் அத்தையும் மச்சான் வீரபாண்டியும் அட்டைக்கடியும் இல்லாமல் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சென்ற செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான கக்கூசுக்குக் கதவு வைக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்த, கொண்டி போட்ட, முழுக் கதவு.

தாங்கள் கேட்டிருந்தீர்கள்: இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது, நீலகிரிப் பக்கம் போவதா, உங்கள் எஸ்டேட்டுக்கு வருவதா, அங்கே இருப்பதும் எங்கள் கம்பெனிதானே, நாட்டுக்கு நாடு சட்டம் மாறுமே, அங்கே தொழிலாளியை எப்படிக் கவனிக்கிறது, உள்ளதை எழுது என்று. மாமா, ஒப்பிட்டுப் பார்த்தால் இலங்கையில் உங்கள் பக்கம் ரொம்பப் பாவம். அங்கே கம்பெனி தன் மனசுப்படி செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மனசை நம்பி யாரும் இல்லை, சட்டமே இருக்கிறது, வீடு, வைத்தியம், வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைப்புரை, கம்பளி எல்லாம் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும், சட்டம் கதவு என்றது, கதவு வந்துவிட்டது, அதைப் பார்க்கச் சீமையிலிருந்து பெரிய துரையே ஜீப்பில் வந்து மூன்று லயத்திலும் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து ‘குட், குட்’ என்றாராம். சீமையில் சட்டம் எப்படி என்று அவரிடமே கேட்டிருப்பேன், நான் அப்போது வேறு வேலையாக இருந்தேன். யாக்கோபு கங்காணி எல்லார் முன்னாலும் என்னிடம், “ஏலே மொக்கை, நீ இல்லன்னா இந்தக் கதவே நின்னிருக்காதுலே” என்றார், அவ்வளவு செல்வாக்கு எனக்கு. மச்சானுக்கும் இங்கே பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் இந்த லயத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது என்று அவனிடம் சொல்லவும்.

அத்தையின் பாதத்துக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு, மச்சானின் முதுகுக்கு ஒரு குத்து.

தங்களுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் மருமகன்,
மொக்கையன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அப்பா வாசிக்கச் சொன்னார். பாக்டரியில் ராத்திரி முறை முடிந்து படுத்திருந்தவர், கதவு வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். “ஏலே, கடல் தாண்டி வர்ற குடும்பம்லே. ஒங்கம்மா கூடப்பிறந்தவரு. கதவ நம்பி வந்து நின்னா என்னத்தலே காட்டுவ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆகையால் மாமா, லயம் மூன்று, கதவு ஒன்றுதான். துரையின் ஜீப்பு வளைந்து வளைந்து ஏறுவதற்குள் குறுக்குப் பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி அடுத்த லயத்தில் மாட்ட வேண்டும், தூக்கியவன் நான். இது சட்டத்துக்கு அடுக்குமா என்று கங்காணியிடம் கேட்டேன். “கதவு வேணும்னுதாம்லே சட்டத்துல இருக்கு, எத்தன கதவுன்னு இல்ல, ஓடு” என்றார். கடைசி லயத்தில் கீல் மாட்ட நேரமில்லை, உள்ளே நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துரை தட்டினார். இருமினேன். அவர் போகவில்லை. தெரிந்த தமிழில், “உள்ளே யார்? சுகமா?” என்று கேட்டார். அம்மா போன பிறகு என்னைச் சுகமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான், கையை எடுத்துக் கும்பிட்டேன். கதவு துரையின் பூட்ஸ்மேல் விழுந்தது. இப்போது அது மேனேஜர் பங்களாவில் கோழிக்கூட்டுக்கு இருக்கிறது.

உங்கள் பக்கம் சட்டம் கதவைப் பற்றிப் பேசாவிட்டாலும் கதவு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கதவு சட்டத்தில் இருக்கிறது, கக்கூசில் இல்லை. நீலகிரியை விசாரித்துக்கொள்வது தங்களுக்கு நல்லது.

ஆடுபுலியில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்றது மட்டும் பொய்யில்லை. ஆட ஆள் இல்லை. என் வயசுப் பையன்கள் போடிக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், நானே ஆடு, நானே புலி. ஒருவேளை இவ்வளவும் தெரிந்தும் வருவதாக இருந்தால், புலியை மச்சானே வைத்துக்கொள்ளட்டும்.