அம்மா வந்த சேதி

நாமகிரிப்பேட்டை

அக்கா செல்லியம்மாளுக்குத் தம்பி நவநீதகிருஷ்ணன் கும்பிட்டு எழுதுவது. உன் மூட்டுவலியும் காது மந்தமும் எப்படி இருக்கின்றன? இங்கே ஆளுக்கொரு விதமாக நலம்.

முந்தாநாள் போனில், "ஊட்டுக்கு அம்மா வந்திருக்குது" என்று கத்தினேன். "அம்மா போயி இருவது வருசமாச்சே சாமி" என்று அழுதபடி போனை வைத்துவிட்டாய். மறுநாளே நம்மூர் ஆண்டி ஓட்டும் மரவள்ளிக்கிழங்கு லாரியில் படையலுக்கு வெற்றிலை பாக்கும் அரக்குச் சேலையும் வந்து இறங்கின. அட அக்கா, வந்தது நம் அம்மா இல்லை, அம்மை. பேரைச் சொல்லக்கூடாதே என்று மரியாதையாகச் சொன்னது இப்படி ஆகிவிட்டது.

போன மாதம் மகன் வழிப் பேரன் ஜீவாவுக்கு வந்தது. நாலு நாள் கொப்புளத்தை எண்ணி விளையாடிவிட்டு எழுந்துவிட்டான். எனக்குத்தான் சின்னதில் வந்துவிட்டதே என்று அவன் பக்கத்திலேயே படுத்தேன். நாமிருவரும் ஒரே கோரைப்பாயில் வேப்பிலைமேல் கிடந்து ஒரு நொங்குக்கு அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது, அந்த நாளெல்லாம் இனி வருமா அக்கா? ஆனால் அறுபத்திரண்டு வயதில் எனக்கும் வந்து, ஐந்து நாளாகக் காய்ச்சல் புரட்டி எடுக்கிறது. இதற்குள் மகள் யுவஸ்ரீ ஐந்து மாத வயிற்றோடு என்னைப் பார்க்க வந்து கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பதறிவிட்டார். "சின்னதுல வந்திருந்தாப் பயமில்லீங்க. வரலைன்னா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து, சீக்கிரம் ஊசி போடோணும்" என்றார். சின்னதில் அவளுக்கு வந்ததா என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. அவள் வளர்ந்த காலமெல்லாம் நான் லாரியில் நாக்பூர், இந்தூர் என்று கிடந்தேன். தெரிந்தவள் என் ராமாத்தாள், அவளும் போட்டோவாகிவிட்டாள். அவளுக்குச் சோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவுக்கெல்லாம் உன் வீட்டில்தானே இருப்பாள், நினைவிருந்தால் ஆண்டியிடம் கையோடு எழுதிக் கொடு. பெற்றவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

மச்சானுக்கு என் கும்பிடு. உன் மகள் தனப்பிரியாவுக்கு ஆசி, தூரத்திலிருந்தே.

தம்பி,
நவநீதகிருஷ்ணன்

பி.கு: மேலே எழுதியது தப்பு. ஒட்டுமுன் ஜன்னலுக்கு வெளியே நின்ற யுவஸ்ரீக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பாயில கெடந்தது நீங்க இல்லீங்கப்பா, நானும் தனப்பிரியாவும். நீங்க லாரிய நிறுத்திப்போட்டு வந்து ஒரு வாரம் வேப்பங்கொத்துல வீசுனீங்க. அது அம்மைன்னு யாருமே பேர் சொல்லலீங்களே" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வந்தது. முன்னமே வந்து போயிருக்கிறதாம், ஊசி வேண்டாமாம். பதில் வேண்டாம் அக்கா, நொங்கு அனுப்பு. சேலை திரும்பி வராது, யுவஸ்ரீ கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கென்றுதானே அனுப்பினாய்.