நின்ற இடத்தில் தேயும் வண்டி

கலைவேந்தன் குந்தியபடியே செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் தொய்ந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் இழுத்து முடுக்கியிருந்தார். ஓடிய வண்டி என்றால் சரி. இந்த வண்டி ஓடவே இல்லை.

எழுபத்து நாலாம் வருடத்து புல்லட். பாகூரில் ஒரு மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, உறுவையாறு கிராமத்தில் தன் வீட்டோரம் ஷீட் கொட்டகை போட்டு, இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருந்தார். வில்லியனூரில் ஆபீஸ் வேலை. காலை எட்டரைக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் சத்தத்தைக் கேட்டு ரசித்து, அணைத்து, துணி போட்டு மூடிவிடுவார். முதல் சவாரி, அடுத்த மாதம் கடற்கரைச் சாலையில் நடக்கும் பழைய வண்டிகள் ஊர்வலத்தில்தான். அதுவரை டயரில் மண் ஒட்டக்கூடாது என்பது அவர் தீர்மானம்.

"ஜோஸ்பின், யார்னா வண்டிய எடுத்தாங்களா?"

ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த மனைவி தலை நிமிரவில்லை.

"பகல்லாம் நான் இங்கதான இருக்கேன். எனக்குத் தெரியாம யாரு எடுப்பா?"

அதுவும் நியாயம்தான்.

மூலக்குளத்தில் பழைய வண்டி சாமான் விற்கும் விஜயராஜிடம் போனார்.

"பின் சக்கரத்து ஹப்புக்குள்ள ரப்பர் இருக்கும் சார். அது நசுங்குனா சக்கரம் ஆடும், செயின் தொய்யும்" என்றார் விஜயராஜ்.

புது ரப்பர் வந்தது. கலைவேந்தன் அதைப் பொருத்துவதை ஜோஸ்பின் பக்கத்தில் நின்று கவனித்தாள்.

"இத போட்டா ஆட்டம் நின்னுடுமா?"

"நின்னுடும்."

"நல்லது. வளைவுல ஆடுனா பயமா இருக்குமில்ல."

ஊர்வலத்தில் தனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று இவள் எவ்வளவு கவலைப்படுகிறாள் என நினைத்துக்கொண்டே கலைவேந்தன் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

அடுத்த ஞாயிறு செயின் முன்னைவிடத் தொய்ந்திருந்தது. பிரேக் ஷூவும் தேய்ந்திருந்தது. பிரேக்கை அவர் மிதித்ததே இல்லை.

மறுபடி மூலக்குளம். "அப்ப பல் சக்கரம்தான் கோளாறு" என்று சொல்லி, விஜயராஜ் சென்னையில் யாரிடமோ பேசி, பிரேக் டிரம்மும் பல் சக்கரமும் ஒன்றாய் வார்த்த பழைய அசல் சாமானையே வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார் கலைவேந்தன்.

ஒரே வாரம். பல்லின்மேல் இருந்த கறுப்பெல்லாம் போய் வெள்ளி மாதிரி மின்னியது. ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே செம்மண்.

"காத்துல வந்திருக்கும்" என்றாள் ஜோஸ்பின்.

பெட்ரோல் டேங்க்கைத் திறந்து பார்த்தார். குறையவில்லை. போன வாரத்தைவிடக் கூடியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தன்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார்கள்.

லேத்தில் கொடுத்து ஹப்பை நேராக்கினார். பேரிங் மாற்றினார். புது டயரும் போட்டார். நல்ல சாமான் போடப் போட, தேய்வது இன்னும் வேகமாயிற்று. புது டயர்மேல் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் இழைகள் நாலே நாளில் ஒன்றுகூட இல்லை. ஆத்திரத்தில், பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'மூலக்குளத்தில் சாமான் வாங்காதீர்கள்' என்று எழுதிவிட்டார்.

விஜயராஜ் உடனே கூப்பிட்டார். "ஓட்டாத வண்டில டயர் எப்படி சார் தேயும்?"

"அததான் நானும் கேக்கறேன். வண்டி நின்ன எடத்துலயே தேயுது."

"இருவத்தஞ்சு வருசமா கட வச்சிருக்கேன். இப்படி ஒரு கம்ப்ளைன்ட் கேட்டதில்ல. இனிமே என் கட பக்கம் வராதீங்க."

போனை வைத்துவிட்டார். குழுவிலிருந்தும் கலைவேந்தனை நீக்கிவிட்டார்கள். ஊர்வலத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. பின் சக்கரம் நடுவழியில் கழன்று கடற்கரையில் தனியாக உருண்டு போவது போலவே அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஆபீசில் உட்காரவே முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பத்தரைக்கே வீடு வந்தார். சக்கரத்தை மொத்தமாகக் கழற்றி, வேறு லேத்தில் காட்டிவிடுவது என்று முடிவு.

அவரைப் பார்த்ததும் ஜோஸ்பினின் மெஷின் நின்றது.

"இன்னாங்க, இந்நேரத்துக்கு வந்துட்டீங்க?"

"சக்கரத்த கழட்டப் போறேன்."

"இன்னிக்கேவா? சாயங்காலமா கழட்டுங்களேன். வெயிலா இருக்குது."

"கொட்டாயில இன்னா வெயில்?"

அவள் மூன்று தடவை வாசல் வரை போய் வந்தாள். மோர் கொடுத்தாள். வேலியோரம் நின்று தெருவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் எதையும் கவனிக்கவில்லை. அச்சை உருவி, சக்கரத்தை வெளியே எடுத்து, வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். ஹப்பைத் தடவினார். எங்கும் விரிசல் இல்லை. பல் ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இரண்டு வருட உழைப்பு இப்படிக் காரணமே தெரியாமல் தேய்ந்து போகிறதே என்று அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு அமுதம், புடவையை வரிந்து கட்டி, தலையில் முகம் மூடிய ஹெல்மெட்டோடு கொட்டகைக்குள் வந்து நின்றாள். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவள் கண்ணில் படவில்லை. பின்னாலேயே ஓடிவந்த ஜோஸ்பின் கண்ணைக் காட்டியது ஹெல்மெட் வழியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"இன்னாக்கா இது, டெய்லி நீயே ஏரிக்கர மேல பறந்துட்டு, நான் ஓட்டற அன்னிக்கு மட்டும் சக்கரத்த கழட்டி வச்சிட்ட?"