முள் அறுபதைத் தொட்டால்

இந்தப் பிறவியில் பழனியில் மொட்டை போடுவதில்லை என்று மலையாள எல்லையோரப் பெருமாட்டி ஊர்ச் சென்னியப்பன் முடிவெடுத்து எட்டு வருடம் ஆகிறது. முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவி வள்ளியாத்தாளிடம் சொல்லவில்லை.

வேண்டுதல் அவருடையது அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவருக்கு மஞ்சள்காமாலை வந்து, கண்ணெல்லாம் சாமந்திப் பூ நிறத்தில் படுத்துக் கிடந்தபோது, வள்ளியாத்தாள் ஒன்றேகால் ரூபாயையும், தாய்வீட்டு ராசி என்று மூன்று ஓட்டைக் காலணாவையும் மஞ்சள் துணியில் முடிந்து, "இவரு பொழைச்சா மொட்டை" என்று பழனி முருகனிடம் சொல்லிவிட்டாள். அவர் பிழைத்துவிட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"வேண்டுனது நீ. மொட்டை எனக்கா?" என்று அவர் கேட்டுப் பார்த்தார்.

"உசுரு உங்களுதுதானுங்களே?" என்றாள் வள்ளியாத்தாள்.

இதற்குப் பதில் சொல்ல எட்டு வருடமாக யோசிக்கிறார்.

மொட்டைக்கு அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அவர் வம்சத்தில் நாற்பதைத் தாண்டியவர்களில் தலையில் சீப்பு வைக்கிற பாக்கியம் அவர் ஒருவருக்குத்தான். அண்ணன் பெரியமுத்துவுக்கும் ஒரு காலத்தில் சுருட்டைக் கிராப்பு இருந்தது. நாற்பத்திரண்டாவது வயதில் பழனிக்குப் போய் பக்தியோடு கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்த முடி திரும்ப வரவில்லை. "சாமி ஏத்துக்கிட்டாரு" என்று அண்ணன் சிரிப்பார். அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் சென்னியப்பன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவருக்கும் இப்போது நாற்பத்திரண்டு.

வருடத்துக்கு ஒரு சாக்கு சொன்னார். ஒரு வருடம் மாட்டுக்குக் கால் முறிந்தது. ஒரு வருடம் தூரத்துச் சித்தப்பா இறந்தார். அவர் அதற்கு முந்தைய வருடமும் இறந்திருந்தார் என்பதை வள்ளியாத்தாள் கண்டுபிடித்தாள். கடைசியில் சென்னியப்பன், "பஸ்ஸுல போனா எனக்குக் கொமட்டுது. சொந்தக் காருல போயித்தான் மொட்டை" என்று அறிவித்தார். கார் வாங்குகிற நாள் வராது என்ற தைரியம்தான்.

வந்துவிட்டது. மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது, தன் ஜப்பான் காரைக் கால்வாசி விலைக்குக் கொடுப்பதாகத் தகவல் வந்தது. தகவலைக் கொண்டுவந்தவன் வள்ளியாத்தாளின் தம்பி அர்த்தநாரி. மறுக்க வழியில்லாமல் சென்னியப்பன் வாங்கினார். கார் தக்காளி நிறத்தில் பளபளத்தது. இவ்வளவு மலிவாக ஏன் கிடைத்தது என்பது கொழிஞ்சாம்பாறை மெக்கானிக் இன்னாசிராஜ் வந்து பானட்டைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

"மொதலாளி, இதுல பிஸ்டனே இல்ல. மூணு மூலை வச்ச சக்கரம் ஒண்ணு உள்ள கெடந்து சுத்துது. அதுக்கு எண்ணெய் அழுத்தந்தான் உயிரு. இந்த முள்ளு அறுபதுல நிக்கணும். முப்பதுதான் காட்டுது. இப்படியே தூரம் ஓட்டுனா எஞ்சின் இறுகிப் போயிரும்."

"செரி பண்ண முடியாதா?"

"எண்ணெய் பம்பு ஜப்பான்ல இருந்து கப்பல்ல வரணும். ஒரு வருசம் ஆகும். ரெண்டு வருசமும் ஆகும். வராமலும் போகும்."

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு செய்திக்குச் சிரிக்கிற வண்டிச் சொந்தக்காரரை இன்னாசிராஜ் அதுவரை பார்த்ததில்லை.

சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அர்த்தநாரி, "அப்ப மொட்டை என்னாச்சுங்க மாமா?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு சாந்தம்மாள் வேலி ஓரமாக வந்து நின்றாள். ஆள் கூடியதும் சென்னியப்பனுக்கு வீரம் வந்துவிட்டது. காரின் முன்னால் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

"அந்த முருகனே எறங்கி வந்து இந்த முள்ள அறுபதுக்குத் தூக்கட்டும். தூக்குனா அடுத்த கிருத்திகைக்கு என் தலை அவருக்கு!"

முருகன் மெக்கானிக் இல்லை என்பது அவர் நம்பிக்கை.

வள்ளியாத்தாள் உள்ளே போனாள். இன்னாசிராஜுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏப்பா, செலவில்லாம அந்த முள்ள ஏத்த வழி ஒண்ணும் இல்லியா?"

"கெட்டி எண்ணெயா மாத்திப் பாக்கலாம்க்கா. கொஞ்சம் ஏறும்."

மாற்றினார்கள். முள் நாற்பத்தைந்துக்கு ஏறியது. அன்று சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நெடுநேரம் தலை வாரினார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மறுநாள் காலை வள்ளியாத்தாள் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருக்கும்போது, சமையலறையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னை எடுத்துப்போய் எஞ்சினில் அரை லிட்டர் ஊற்றினார். எண்ணெய் இளகியது. முள் முப்பதில் வந்து படுத்தது. இன்னாசிராஜ் வந்து மறுபடி எண்ணெய் மாற்றினான். சென்னியப்பன் மறுபடி ஊற்றினார். மூன்றாவது தடவை இன்னாசிராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த எஞ்சினுக்கு நம்ம ஊரு வெயிலு ஒத்துக்கலையோ?" என்றான்.

"அப்படித்தான் இருக்கும்" என்று சென்னியப்பன் உடனே ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாக யோசித்தவர், அது ரேஷன் மண்ணெண்ணெய் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. மாதம் முழுவதும் விளக்குக்கு வரவேண்டிய டின், பத்தாம் தேதியே தூக்கினால் லேசாக இருந்தது. புருஷன் வேட்டியில் வாசனை இருந்தது. வள்ளியாத்தாள் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காத மனைவியைக் கண்டு புருஷன் பயப்படவேண்டும். சென்னியப்பன் நிம்மதியடைந்தார்.

அடுத்த திங்கட்கிழமை நிலப் பட்டயம் விஷயமாகப் பக்கத்துச் சித்தூர் தாலூக்காபீஸுக்குப் போனவர், சாயங்காலம் நாலு மணிக்கு வீடு திரும்பினார். கார் வாசலில் நின்றது. சுற்றிலும் அர்த்தநாரி, சாந்தம்மாள், முழங்கை வரை எண்ணெயோடு இன்னாசிராஜ். பானட்டில் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டிருந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

சாவியைத் திருப்பினார். முள் முப்பதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. ஐம்பதில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. அறுபதில் போய் நின்றது. இன்னாசிராஜ் வேகத்தைக் கூட்டச் சொன்னான். அசையவில்லை.

சென்னியப்பன் காரை அணைத்துவிட்டு, அவசரமாக ஒன்றுக்குப் போகிறவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். சமையலறையில் டின் இருந்த இடம் காலியாக இருந்தது.

"மண்ணெண்ணெயத் தேடறீங்களா?" வள்ளியாத்தாள் பின்னாலேயே வந்திருந்தாள். "சாந்தம்மாளூட்டுக்குக் குடுத்துட்டனுங்க. நம்மூட்டுலதான் என்னமோ நிக்கறதே இல்லீங்களே."

அவர் வெளியே வந்தார். தப்பிக்க ஒரு வழி இருந்தது.

"ஏ புள்ள, சத்தியம் என்னன்னு ஞாபகம் இருக்குதா? முருகன் வந்து தூக்கோணும். இது இன்னாசி தூக்குனது. ஜப்பான் பம்பு எதாச்சும் வாங்கிப் போட்டிருப்பான்."

"பம்பே மாத்தல மொதலாளி" என்றான் இன்னாசிராஜ். "அடியில எண்ணெய்த் தொட்டிக்குள்ள கட்டைவிரல் மொத்தத்துல ஒரு வால்வு இருக்குது. அழுத்தம் எச்சானா எண்ணெயத் திருப்பி விடறது அதுதான். அதுக்குள்ள இருக்கற ஸ்பிரிங் தளந்து போச்சு. ஸ்பிரிங்குக்குப் பின்னால எதாச்சும் கனமா முட்டுக் குடுத்தா விறைச்சு நிக்கும். நான் வாசர் போடலாம்னுதான் சொன்னேன். அக்காதான் கூடாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

வள்ளியாத்தாள் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்துக் காட்டினாள். ஒன்றேகால் ரூபாய் இருந்தது. ஓட்டைக் காலணா மூன்றையும் காணோம்.

"ஒண்ணு போட்டப்ப நாப்பதுங்க. ரெண்டு போட்டப்ப அம்பது. மூணாவதுக்கு அறுபது. அத்தனையும் முருகனுக்கு முடிஞ்சு வச்ச காசு. இப்பச் சொல்லுங்க, முள்ளத் தூக்குனது யாரு?"

அர்த்தநாரி பானட்டைப் பார்த்துக் கும்பிட்டான். மாதா கோயிலுக்குப் போகிற இன்னாசிராஜ்கூட மரியாதைக்கு ஒருதரம் நெற்றியைத் தொட்டுக்கொண்டான். சாந்தம்மாள் காருக்குக் கற்பூரம் காட்டி, தட்டைச் சென்னியப்பனிடம் நீட்டினாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு என்ன செய்வது?

கிருத்திகையன்று விடிந்ததும் கிளம்பினார்கள். இன்னாசிராஜும் கூட வந்தான். கோபாலபுரம் செக்போஸ்டில் கார் நின்றுவிடாதா என்று சென்னியப்பன் ஏங்கினார். பொள்ளாச்சியில் ஏங்கினார். உடுமலைப்பேட்டையில் முள்ளை நேராகப் பார்த்து மன்றாடினார். அது அறுபதை விட்டு நகரவில்லை.

அடிவாரத்தில் நாவிதர் அவர் தலையில் தண்ணீர் தெளித்து, "நல்ல அடர்த்தியான முடிங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் சென்னியப்பன் கண் கலங்கிவிட்டது. பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நாவிதர் இங்கே கத்தியைப் போட்டபோது, கொஞ்சம் தள்ளிக் காருக்கு அடியில் படுத்திருந்த இன்னாசிராஜ் எண்ணெயை வாளியில் பிடித்துவிட்டு, மூன்று காலணாவையும் எடுத்தான். அதே கனத்தில் மூன்று இரும்பு வாசரைப் போட்டு மூடினான். வள்ளியாத்தாள் காசைச் சீயக்காய் போட்டுக் கழுவி, மலையேறி உண்டியலில் சேர்த்தாள். சாமி காசு சாமிக்குப் போய்விட்டது.

"இனி இருபது வருசத்துக்கு இந்த முள்ளு அசையாது மொதலாளி" என்றான் இன்னாசிராஜ், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

திரும்பும் வழியில் ஜன்னல் காற்று சென்னியப்பன் தலையில் நேராகப் பட்டது. இதுவரை பட்டதில்லை. சந்தனம் காய்ந்து இழுத்தது. கண்ணாடியில் பார்த்தார். தன் இடத்தில் அண்ணன் பெரியமுத்து உட்கார்ந்திருந்தார். ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகத்தான் இருந்தது. எட்டு வருடப் பயம் ஒருவழியாகத் தீர்ந்தது. முளைத்தால் முளைக்கட்டும். இனி யாரும் கேட்கமுடியாது.

"செரி புள்ள" என்றார். "வேண்டுதல் முடிஞ்சுது. இனிமே பழனிப் பேச்சே வேண்டாம்."

பின்சீட்டில் பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்திருந்த வள்ளியாத்தாள் அதன் மூடியை இறுக்கினாள்.

"ஒண்ணு முடிஞ்சுதுங்க" என்றாள். "இன்னைக்குப் போட்டது மஞ்சக்காமாலைக்கு. முள்ளு அறுபது ஏறுனா இன்னொரு மொட்டைன்னு தனியா வேண்டியிருக்கறனுங்க. முடி மொளைக்கட்டும், போலாம்."

தன் முடி இனி முளைக்கவே கூடாது என்று சென்னியப்பன் முதல்முறையாக முருகனை மனமுருக வேண்டிக்கொண்டார்.