கூப்பிடாத தம்பியைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன், விஷயத்தின் வேகத்தில் பிறகு மறந்துவிடும். நானும் உன் அண்ணியும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது.

"அண்ணா, புது வீட்டுக்குக் குடிபோனப்போ அக்கா என்னை மட்டும் ஏன் கூப்பிடலை?" என்று போன மாதம் போனில் கேட்டாயே, பதினொரு வருடமாக நீ விழுங்கி வைத்திருந்த கேள்வி. வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவனிடம் கேட்டுவிட்டாய். அன்று மாலையே புது நோட்டு வாங்கிவிட்டேன். உன் அக்கா இந்த மாதக் கடைசியில் அந்த வீட்டையும் காலி செய்துகொண்டு கடல் தாண்டி மகனிடம் போகிறாள். அதற்குள் உங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆதாரத்தோடு உட்கார வைக்க வேண்டும் என்பது என் புத்தி.

ஒரே போரில் இரண்டு ராஜாக்களும் ஜெயித்ததாகத் தனித்தனியே கல்வெட்டு வெட்டிக்கொள்வார்கள், அதனால் மூன்றாவது ஆளையும் கேள் என்று வகுப்பில் சொல்வேன். அப்படித்தான் தொடங்கினேன். அக்கா போட்ட சாப்பாட்டில் உப்பில்லை என்று நீ எப்போதோ சொன்னதுதான் காரணம் என்றாள் உன் அண்ணி. எந்த வருடம் என்று கேட்டதற்கு, இது என்ன பரீட்சையா என்று எழுந்து போய்விட்டாள். உன் அத்தானோ, திரைச்சீலையின் நிறத்தை நீ கேலி செய்ததாகச் சொன்னார். அந்த வீட்டில் காலே வைக்காதவன் எந்தத் திரைச்சீலையைப் பார்த்தான்? இரண்டு சாட்சியும் தள்ளுபடி. கடைசியில் உன் அக்காவிடமே போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "கூப்பிடாம இருப்பேனா அண்ணா? அவனுக்குத்தான் முதல் கடிதம் எழுதினேன். வரலை, ஒரு வரி பதிலும் இல்லை. அப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் பேசறது?"

தம்பி, எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுதப்பட்ட ஆவணம்! அவள் எழுதியிருக்கிறாள், உனக்கு வரவில்லை, அப்படியானால் நடுவில் இருந்தது யார் என்று யோசித்து, நேரே அந்தக் காலத்துத் தபால்காரர் வீட்டுக்குப் போனேன். பாவம், ஓய்வுபெற்ற மனிதர், நாற்காலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், என் பையில விழாத கடிதத்தை நான் எப்படித் தொலைக்கிறது?" என்றார். மழுப்புகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆகவே என் முடிவு: அக்கா கூப்பிட்டாள், நீ மறுக்கவில்லை, குற்றவாளி தபால்காரர்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் அதைவிட நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: முடிவை அடித்துவிடு. இந்தக் கடிதத்துக்கு உறை தேடப் போன உன் அண்ணி, என் பழைய கோப்பு ஒன்றோடு வந்து நின்றாள். அக்காவின் கடிதம் அதில் இருக்கிறது, ஒட்டியது ஒட்டியபடி. தபால்பெட்டியில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருக்கிறாள். யாரிடம் கொடுத்தாய் என்ற முதல் கேள்வியை நான் அவளிடம் கேட்கவே இல்லை. அனுப்புநர் இடத்தில் புது வீட்டு முகவரியை அவள் கைப்பட எழுதிய முதல் உறையாயிற்றே, நகல் எடுத்துக்கொண்டு போடலாம் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வருகிறது. அன்று நகல் கடை மூடியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று கோப்பில் வைத்து, ஆவணம் நாற்பத்தேழு என்று எண்ணும் போட்டிருக்கிறேன். "வரலாறு பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள் உன் அண்ணி. தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மீதி நாற்காலிக்கு என்னைப் பெயின்ட் அடிக்க வைத்தார். உன் அக்காவிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை. பதினொரு வருடம் பிரிக்காத கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது எனக்கு எத்தனை கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு தடவை தவிர. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் படி. பிறகு அவளுக்குப் போன் போட்டு, முதல் வரியை வாய்விட்டு வாசி.