பூவன்கோணத்தில் கறுப்பு நிறத்தவர் எவருமில்லை

பூவன்கோணம் பேரூராட்சிக்குக் குடிநீர் வாரத்துக்கு இரண்டு முறை வரும். தெருவிளக்கு மனசிருந்தால் எரியும். மேலிடத்துச் சுற்றறிக்கை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. அப்படி வந்த ஒன்றில், நிறத்தின் பெயரால் மனிதரை மனிதர் இழிவுபடுத்தும் கொடுமையை அடியோடு ஒழிப்பது என்றும், வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒழிப்பது என்றும் முடிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் வசிக்கும் கறுப்பு நிறத்தவர் ஒருவரைக் கண்டறிந்து, மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, படமெடுத்து அனுப்ப வேண்டும். பொன்னாடையின் நீளம் வரை அதில் குறிப்பிட்டிருந்தது.

செயல் அலுவலர் தாணுமாலயன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுத்தர் செல்வதாஸைக் கூப்பிட்டார்.

"வே செல்வதாஸ், நம்ம ஊருல ஒரு கறுப்பு ஆளு வேணும்."

செல்வதாஸ் நன்றாக யோசித்தார். "கஷ்டம் சார்," என்றார்.

தாணுமாலயன் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, "தேடிப் பாரும்," என்றார்.

செல்வதாஸ் நல்ல தீர்க்கமான கறுப்பு. இந்த விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் எட்டவில்லை. பிறந்ததிலிருந்து வீட்டில் மாநிறம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். மேலே இருப்பவர்கள் சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர், அதையும் நம்பிவிட்டார். தன்னை அச்சில் வார்த்த மாதிரிப் பிறந்த ஒரே மகள் ஜினியையும் மாநிறம் என்றே வளர்த்தார்.

அந்த ஜினிக்குத்தான் இப்போது நெய்யூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் ஜெரிஷ், துபாயில் வேலை, லீவில் வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்க வருகிறார்கள். பெண் என்ன நிறம் என்று தரகர் கேட்டதற்கு, "மாநிறம்" என்று சொல்லி வைத்திருந்தார் செல்வதாஸ். இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்று புறப்பட்டவர்கள். வீடு போய்ச் சேர்ந்தார்களா என்றுகூட இதுவரை தகவல் இல்லை. இந்த இடமாவது கூடி வரவேண்டுமே என்று மனிதர் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் கறுப்பைத் தேடச் சொன்னது.

முதலில் டீக்கடை கோலப்பனிடம் போனார்.

"நான் கறுப்பா?" என்றார் கோலப்பன், டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு. "பாலுக்குப் பக்கத்துல நின்னா யாரும் அப்படித்தான்வே தெரியும். இந்த அடுப்புப் பக்கம் வந்து நின்னு பாரும், நான் எவ்வளவோ மேலு. கறுப்புன்னா நம்ம மீன்காரன் சிலுவைமுத்துல்லா கறுப்பு!"

சிலுவைமுத்து இனயம் கடற்கரைக்காரர். இந்த ஊரில் பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். அவர் கோபப்படவில்லை, விளக்கினார்.

"சாரே, இது கடல் வெயிலாக்கும். கூடப் பிறந்த நிறம் இல்ல. வேணும்னா பாத்துக்கிடும்." சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக் காட்டினார். தோளும் அதே நிறமாகத்தான் இருந்தது. சிலுவைமுத்து அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். "இங்கயும் வெயிலு பட்டிருக்கு," என்றார்.

அவர் தையற்கடை வினோஜைக் காட்டினார். வினோஜ் ரேஷன் கடைக்காரரைக் காட்டினார். அவர் இன்னொருவரைக் காட்டினார். யாரைக் கேட்டாலும் தனக்கு அடுத்த ஆள்தான் கறுப்பு. கை காட்டின வழியிலேயே போய்க்கொண்டிருந்த செல்வதாஸ், கடைசியில் தன்னுடைய சொந்த அலுவலகத்தில், தன்னுடைய சொந்த நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாத்தீரா," என்றார் தாணுமாலயன். "நான் ஒண்ணும் சொல்லல்ல. ஊரு சொல்லுது. வேற ஆளு கிடைக்கல்லன்னா சனிக்கிழமை நீரே ஏறும்."

ஐம்பத்துநாலு வயதில், ஒரு புதன்கிழமை, செல்வதாஸ் தன் நிறத்தைக் கேள்விப்பட்டார். சுருக்கென்று வலித்தது. ஆனால் அந்த வலியை அனுபவிக்கக்கூட நேரமில்லை. சனிக்கிழமை மேடையேறினால் ஞாயிறு காலை பேப்பரில் படம் வரும். நெய்யூரிலும் பேப்பர் வாசிக்கிறார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். ஜினி ஜங்ஷனில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்களை வெளுப்பாக்கி அனுப்பும் தொழில். சுற்றுவட்டாரத்தில் கைராசிக்காரி என்று பெயர். எத்தனையோ பேரைக் கரையேற்றிவிட்டவள் தான் மட்டும் கரையில் ஏறாமல் நின்றாள்.

"இதுக்கா இவ்வளவு கவலை? நான் ஏறுதேன்ப்பா," என்றாள். "இத்தனை நாளும் இந்த நிறத்துக்கு ஏச்சுதான் கிடைச்சுது. மொத மொதல்ல ஒரு பொன்னாடை தாறாங்க. எதுக்கு விடணும்?"

"ஏட்டி, நீ மாநிறம்!"

"நான் கறுப்புப்பா. டெய்லி கண்ணாடி முன்னால நிக்கது நானாக்கும்."

செல்வதாஸ் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் ஜினி நேராகச் செயல் அலுவலரிடம் போய், "நான் இந்த ஊர்தான், கறுப்புதான், என்னைக் கௌரவியுங்க," என்றாள். தாணுமாலயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! ஒருவர் தன்னைக் கறுப்பு என்று சொல்லிக்கொண்டால் ஆயிற்றா? நாளைக்கு வெளுத்தவர் எவராவது வந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது? கிராம நிர்வாக அலுவலரிடம் நிறச்சான்று வாங்கி வரச் சொன்னார்.

கிராம நிர்வாக அலுவலர் அபிதா நல்ல மனசுக்காரி. விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டாள்.

"எனக்கும் ஒரு மக இருக்கா மோளே. ஒரு குமரிப்பிள்ளையைக் கறுப்புன்னு எழுதி, சீல் வச்சு, கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்கிட்ட ஆண்டவர் கணக்கு கேக்க மாட்டாரா? மாநிறம்னு எழுதித் தாறேன். ரெண்டு காப்பி வேணும்னாலும் வாங்கிக்க."

"எனக்குக் கறுப்புன்னுதான் வேணும்."

"கோவத்துல பேசாத. கல்யாணம் முடிஞ்சி வா, என்ன நிறம் வேணும்னாலும் எழுதித் தாறேன்."

இப்படியாக, பூவன்கோணத்தில் கறுப்பு நிறத்தவர் எவரும் இல்லை என்பது அரசு முறைப்படி உறுதியாயிற்று. செல்வதாஸ் அபிதாவின் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. பேரூராட்சித் தலைவியின் மகள் ஷைஜா நல்ல வெளுத்த பெண். அவளையே கறுப்பு மேக்கப் போட்டு மேடையில் நிறுத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காரணம் தெளிவாக இருந்தது. கறுப்பானவரைக் கறுப்பு என்றால் அவர் மனம் புண்படும். வெளுத்தவரைக் கறுப்பு என்றால் யார் மனம் புண்படப்போகிறது? போதாததற்கு, சோப்புப் போட்டால் போய்விடும்.

மேக்கப் போட ஊரில் ஜினியை விட்டால் ஆள் கிடையாது.

சனிக்கிழமை சமுதாயக்கூடத்தின் பின்னறையில் அவள் ஷைஜாவின் கன்னத்தில் ஒரு சாயத்தைத் தடவி, பக்கத்தில் தன் கையை வைத்து ஒத்துப் பார்த்தாள். கனகச்சிதம். தாணுமாலயன் எட்டிப் பார்த்துப் பதறிப்போனார்.

"இவ்வளவு வேண்டாம் மக்கா. வி.ஐ.பி. வாறாரு."

குறைத்தாள். "இன்னும் கொஞ்சம்," என்றார். மறுபடி குறைத்தாள்.

"சார், ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"கறுப்பா இருக்கணும். ஆனா கறுப்பாத் தெரியக்கூடாது."

கடைசியில் ஷைஜா மாநிறமாகி மேடையேறினாள்.

செல்வதாஸ் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, ஆபத்து நீங்கியது என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து, "செல்வதாஸ் சார்தானே?" என்றாள். நெய்யூர் ஜெபகனி. பையனின் அம்மா. நாளைக்கு முறைப்படி வருவதற்கு முன்னால் பெண்ணை ஒரு எட்டு மறைவாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருந்ததால் இங்கே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஜெரிஷ் நின்றான். செல்வதாஸ் ஏறெடுத்துப் பார்த்தார். பையன் அவரைவிட ஒரு பிடி கூடுதல் கறுப்பு. தரகர் வெளுப்பு என்றல்லவா சொல்லியிருந்தார்!

மேடையில் சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி. வெள்ளைச் சட்டையும் கறுத்த மேனியுமாக ஆள் கம்பீரமாக இருந்தார்.

"நண்பர்களே," என்றார் உருக்கமாக, "நம்மைப் போன்ற மாநிறத்தவர்கள், கறுப்பாக இருப்பவர்களையும் மனிதர்களாக மதித்து அன்பு காட்ட வேண்டும்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். கோலப்பன் எழுந்து நின்று தட்டினார். சிலுவைமுத்து விசிலடித்தார்.

அந்த நேரம் ஜினி கையில் ஸ்பாஞ்சோடு பின்னறையிலிருந்து வெளியே வந்து, அப்பாவைப் பார்த்து நடந்து வந்தாள். ஜெபகனி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், அந்தக் கறுத்த பிள்ளை யாரு?"

செல்வதாஸ் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுவா... அது மேக்கப் போட வந்த பிள்ளையாக்கும்," என்றார்.

சொன்னது பொய்யில்லை. ஆனாலும் சொன்ன வாய் கசந்தது. ஜினி பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். கேட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நல்லதாப் போச்சு மோளே," என்றாள் ஜெபகனி. "எங்க பையனுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கு. மாநிறம்னு சொல்லுதாவ, எதுக்கும் கல்யாணத்தன்னைக்குக் கொஞ்சம் வெளுப்பிச்சுத் தருவியா?"

"முடியாது ஆண்ட்டி. கறுப்புன்னா எப்படியும் வெளுப்பிச்சிருவேன். மாநிறத்துக்குத்தான் என்கிட்ட மருந்து இல்ல."

"என்னட்டி சொல்லுத?"

"நீங்க பாத்திருக்க பொண்ணு நான்தான் ஆண்ட்டி. நான் மாநிறம் இல்ல. நான் கறுப்பு."

அவள் சொல்லவும் கைதட்டல் ஓயவும் சரியாக இருந்தது. அந்தக் கடைசி வார்த்தை கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. தாணுமாலயன் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"யாரு அந்த வார்த்தையைச் சொன்னது? இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருக்கக்கூடாதா? விழாவே அதை ஒழிக்கதுக்குத்தானே நடக்கு!"

"என்னைத்தான் சார் சொன்னேன்."

"யாரைச் சொன்னாலும் குத்தம்தான்!"

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தபடி, "யாருடைய பெண் அது?" என்று கேட்டார்.

ஊருக்கே தெரியும், ஆனால் சொல்லவில்லை. அதுவும் ஒரு மரியாதைதான். செல்வதாஸ் மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தன் வாயாலேயே பெற்ற மகளை இல்லை என்று ஆக்கிவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு பொருமியது.

"என் மக சார்," என்றார் சத்தமாக. "நானும் கறுப்புதான்."

அதிகாரி ஆடிப்போனார். "சேச்சே, பெரியவரே! அப்படியெல்லாம் மனம் உடைந்து பேசக்கூடாது. உங்களை நீங்களே ஏன் தாழ்த்திக்கொள்கிறீர்கள்? நீங்கள் என் நிறம்தானே இருக்கிறீர்கள்!"

"அதைத்தான் சார் நானும் சொல்லுதேன்."

முதலில் சிரித்தது ஜெரிஷ்தான். அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தான். "எம்மா, என்னைய என்ன நிறம்னு சொல்லிவிட்டிய?" என்று கேட்டான். ஜெபகனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "வெளுப்புதான்... வெயிலு பட்டிருக்குன்னு சொன்னேன்," என்றாள். "அப்ப நானும் கறுப்புதான் சார்!" என்று அவன் கையைத் தூக்கினான். தாணுமாலயன் உடனே நன்றியுரையை ரத்து செய்துவிட்டு நாட்டுப்பண்ணைப் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நெய்யூர்க்காரர்கள் சொன்னபடியே வந்தார்கள். ஜினி முகத்தில் பவுடர்கூடப் போடாமல் காப்பி கொடுத்தாள். சபையில் கல்யாண ஓலை எப்போது வாசிப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தரகர் மட்டும் இரண்டு வீட்டிலும் முகம் காட்டாமல் திரிகிறார்.

திங்கட்கிழமை தாணுமாலயன் சொல்லச் சொல்ல, மேலிடத்துக்குப் போகவேண்டிய அறிக்கையைச் செல்வதாஸே தட்டச்சு செய்தார்: "பூவன்கோணம் பேரூராட்சியில் நிற சமத்துவ விழா சீரும் சிறப்புமாக நடைபெற்றது. விழாவில் தம்மைக் கறுப்பு என்று கூறிக்கொண்ட மூவருக்கும் உரிய ஆறுதல் வழங்கப்பட்டு, அவர்கள் தற்போது நலமாக உள்ளனர் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."